இரண்டாவது பாட்டில்

மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி அறையில், டிரேயின் ஓரத்தில் இரண்டு சின்ன பாட்டில்கள் வைத்திருப்பார்கள். இரண்டிலும் தண்ணீர் போலத் தெளிந்த திரவம்தான். ஒன்றில் ஃபார்மலின், மற்றதில் சலைன் எனப்படும் உப்பு நீர். நெஞ்சுக்குள் ஊசி விட்டு உறிஞ்சிய சதைத் துணுக்கு அரிசிக் குருணையைவிடச் சிறியது. அது எந்த பாட்டிலில் விழுகிறது என்பதில் ஒருவருடைய அடுத்த இரண்டு வருட வாழ்க்கை அடங்கியிருக்கலாம்.

ஃபார்மலினில் போட்ட சதை கெடாது. அதை மெல்லிய சீவல்களாக்கி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துச் செல்களைப் பார்க்கலாம். ஆனால் ஃபார்மலின் கிருமிகளைக் கொன்றுவிடும். கொன்ற கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. உப்பு நீரில் போட்ட துணுக்கில் கிருமி இருந்தால் அது உயிரோடு ஆய்வகம் போய்ச் சேரும். எடுத்த சதை முழுவதையும் பழக்கதோஷத்தில் ஃபார்மலினில் போட்டுவிட்டால் பாதிக் கேள்விக்குத்தான் பதில் கிடைக்கும். மீதிப் பாதிக்கு நோயாளி மறுபடியும் தொண்டை மரத்துப்போக மருந்தடித்துக்கொண்டு அந்த மேசையில் படுக்க வேண்டும்.

அந்த மேசையில் படுத்திருக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். இவர் ஒருவர் அல்லர். பல பேருடைய கதைகளைச் சேர்த்து நான் உருவாக்கியவர். 39 வயது, பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். மூன்று மாதமாக விடாத வறட்டு இருமல். வகுப்பில் தொடர்ந்து பத்து நிமிடம் பேச முடியவில்லை. எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுவே, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து நுரையீரலுக்குள் நுழையும் இடத்தில், இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது. நுரையீரலிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள். சளியில் கிருமி இல்லை. இருந்தாலும் டி.பி.யாக இருக்கலாம் என்று காசநோய் மாத்திரைகள் ஆரம்பித்தாகிவிட்டது. வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பிள்ளைகள் பாட்டியோடு வேறு அறையில் படுக்கிறார்கள். ஐந்து மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகும் இருமல் அப்படியே இருக்கிறது, நெறிக்கட்டி கொஞ்சம் பெருத்திருக்கிறது. மருந்துக்கு அடங்காத டி.பி.யோ என்ற பேச்சு எழுந்த பிறகுதான் அவரை இந்த அறைக்கு அனுப்பினார்கள்.

அவருக்கு வந்திருப்பது சார்காய்டோசிஸாக இருக்கலாம்.

பெயரில் இருக்கும் ‘சார்க்’ என்பது சதையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ‘சதை போன்றது’ என்பதற்கு மேல் அந்தப் பெயரில் பொருள் இல்லை. நோய்க்குக் காரணம் தெரியாதபோது பார்த்ததை வைத்துப் பெயர் சூட்டுவார்கள். இதற்குப் பெயர் வந்து 120 ஆண்டுகளுக்கு மேலாகியும் காரணம் இன்னும் பிடிபடவில்லை.

லண்டனில் ஜோனதன் ஹட்சின்சன் என்ற மருத்துவர் 1869இல் ஒரு நோயாளியைப் பார்த்தார். நிலக்கரித் துறையில் வேலை செய்த தொழிலாளி. கைகளிலும் கால்களிலும் ஊதா நிறத்தில் தடித்த திட்டுகள். ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது 1882இல். அதாவது, காசநோய்க்கு ஒரு கிருமி உண்டு என்று உலகத்துக்குத் தெரிவதற்கு 13 ஆண்டு முன்பே, அதோடு பின்னால் ஓயாமல் குழப்பிக்கொள்ளப்படப்போகிற நோய் ஒரு மருத்துவரின் கண்ணில் பட்டுவிட்டது. 1889இல் பாரிஸில் எர்னஸ்ட் பெனியே மூக்கிலும் காதிலும் விரல்களிலும் ஊதா வீக்கம் கண்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 1899இல் நார்வேயின் சீசர் பெக், ஒரு போலீஸ்காரரின் தோலில் இருந்த முடிச்சுகளை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து, அவை சதைக்கட்டி போல இருந்தாலும் கொடியவை அல்ல என்று எழுதினார். சார்காய்ட் என்ற சொல் அங்கிருந்து வந்தது.

இந்த சீசர் பெக்கின் பெரியப்பா–சித்தப்பா வரிசையில் வரும் கார்ல் வில்ஹெல்ம் பெக், தொழுநோய் ஆராய்ச்சியில் பெயர்பெற்றவர். டேனியல்சனோடு சேர்ந்து அந்த நோயைப் பற்றி 1847இல் முக்கியமான நூல் ஒன்றை எழுதினார். இந்த உறவை வெறும் குடும்பச் செய்தியாக என்னால் கடந்துபோக முடியவில்லை. தோலில் வரும் சார்காய்டோசிஸைப் பார்த்து இன்றும் நம் ஊரில் முதலில் எழும் சந்தேகங்களில் ஒன்று தொழுநோய். காசநோய், தொழுநோய், சார்காய்டோசிஸ் மூன்றும் நுண்ணோக்கியில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போலத் தெரியும். மூன்றுக்கும் பொதுவான அந்த முகத்தின் பெயர் கிரானுலோமா.

உடலுக்குள் வரும் அந்நியப் பொருளை விழுங்கிச் செரிப்பது மேக்ரோஃபேஜ் என்ற பெருந்தீனிச் செல்களின் வேலை. சிலவற்றை விழுங்க முடியும், செரிக்க முடியாது. காசநோய்க் கிருமியின் மேலுறை மெழுகால் ஆனது, அவ்வளவு எளிதில் கரையாது. செரிக்க முடியாததை உடல் சுவர் கட்டி அடைக்கிறது. மேக்ரோஃபேஜ்கள் உருமாறி, தட்டையாகி, செங்கல் அடுக்கியது போல நெருக்கமாக ஒட்டிக்கொள்கின்றன. பல செல்கள் ஒன்றாகக் கலந்து, பல உட்கருக்கள் கொண்ட ராட்சதச் செல்களாகின்றன. நோய் எதிர்ப்புப் படையின் டி செல்கள் வெளிவட்டத்தில் காவல் நின்று, ரசாயனச் சமிக்ஞைகளை அனுப்பிச் சுவரை இன்னும் இறுகக் கட்டச் சொல்கின்றன. அவற்றில் முக்கியமானது டி.என்.எஃப். ஆல்ஃபா. கடுகு அளவுகூட இல்லாத இந்தக் கோட்டைதான் கிரானுலோமா.

காசநோயில் கோட்டையின் நடுப்பகுதி செத்து, திரிந்த பால் போல, பாலாடைக் கட்டி போல ஆகிவிடும். சார்காய்டோசிஸில் நடுப்பகுதி சாவதில்லை, கட்டுக்கோப்பாக இருக்கும். பாடப்புத்தகத்தில் இந்த வேறுபாடு ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. உண்மையில் அது அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. ஊசியில் வரும் குருணையில் காசநோயின் செத்த நடுப்பகுதி அகப்படாமல் ஓரம் மட்டும் அகப்படலாம். காசநோயிலும் சில கிரானுலோமாக்கள் சாகாமலே இருக்கும். சார்காய்டோசிஸிலும் சில இடங்களில் கொஞ்சம் செத்திருக்கும். ‘கிரானுலோமா உள்ளது’ என்ற அறிக்கையை வாங்கிக்கொண்டு நோயாளி நிம்மதியாக வெளியே வருவார். மருத்துவருக்கோ அங்கேதான் வேலை ஆரம்பம்.

சார்காய்டோசிஸுக்கு என்று தனிப் பரிசோதனை இன்று கிடையாது. ஒருகாலத்தில் ஒன்று இருந்தது. நார்வே மருத்துவர் க்வெய்ம் 1941இல் விவரித்தது. இந்த நோய் கண்டவரின் திசுவை அரைத்துச் சுத்தப்படுத்தி இன்னொருவர் தோலில் ஊசியால் ஏற்றுவார்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் அங்கே ஒரு முடிச்சு எழும்பி, அதற்குள் கிரானுலோமா இருந்தால் நோய் உறுதி. பின்னாளில் நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து இந்தப் பரிசோதனைப் பொருளைத் தயாரித்துப் பல நாடுகளில் பயன்படுத்தினார்கள். ஒரு மனிதத் திசுவை இன்னொருவர் உடலில் ஏற்றினால் வேறு தொற்றும் கூடவே போகலாம் என்ற பயம் வந்ததும் அது வழக்கொழிந்தது.

இப்போது மிஞ்சியிருப்பது விலக்கிப் பார்க்கும் முறைதான். மூன்று விஷயங்கள் கூடி வர வேண்டும்: நோயாளியின் தொந்தரவும் படங்களும் இந்த நோய்க்குப் பொருந்த வேண்டும், திசுவில் சாகாத கிரானுலோமா இருக்க வேண்டும், அதே மாதிரி கிரானுலோமா உண்டாக்கும் வேறு நோய் எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். மூன்றாவதுதான் முதுகை ஒடிக்கும் வேலை. ஸ்வீடனில் இருக்கும் மருத்துவர் ‘காசநோய் இல்லை’ என்று சொல்வதும், உலகக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் வாழும் நாட்டில் இருப்பவர் அதையே சொல்வதும் ஒன்றல்ல. அங்கே அது சம்பிரதாயம். இங்கே அதைச் சொல்ல அசாத்தியத் துணிவு வேண்டும்.

துணை வரும் பரிசோதனைகள் எல்லாமே அரைகுறைச் சாட்சிகள். ரத்தத்தில் ஏ.சி.இ. என்ற நொதி கூடியிருந்தால் சார்காய்டோசிஸ் என்று 1975 வாக்கில் பெரிய நம்பிக்கை பிறந்தது. அந்த நொதியை கிரானுலோமாவின் செல்களே சுரப்பதால் நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. ஆனால் நோய் இருக்கும் பலருக்கு அது கூடுவதில்லை. வேறு நோய்களிலும் கூடுகிறது. ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் வகை மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். சர்க்கரையும் பி.பி.யும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில், மாத்திரைச் சீட்டைப் பார்க்காமல் அந்த அறிக்கையை மட்டும் படிப்பது ஆபத்து.

கையில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளக்கும் மாண்டூ பரிசோதனை, நம் நாட்டில் காசநோயை உறுதிப்படுத்துவதற்கு அவ்வளவாக உதவாது. கிருமி பலர் உடலில் உறங்கிக்கொண்டிருப்பதால், நோய் இல்லாதவர்களுக்கும் கை தடிக்கும். ஆனால் அதே காரணத்தால் அது தலைகீழாக உதவுகிறது. சார்காய்டோசிஸில் டி செல்கள் நோய் இருக்கும் இடத்துக்குப் போய்க் குவிந்துவிடுவதால் தோலில் பதில் சொல்ல ஆள் குறைவு. கை துளிகூடத் தடிக்கவில்லை என்றால் இந்த நாட்டு மருத்துவர் நிமிர்ந்து உட்கார வேண்டும். தடிப்பு இருப்பதைவிட இல்லாததே அதிகம் பேசுகிற பரிசோதனை இது.

எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு துப்பு கிடைக்கும். சார்காய்டோசிஸில் நெறிக்கட்டிகள் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக, உருளைக்கிழங்கு வைத்தது போல இருக்கும். காசநோயில் பெரும்பாலும் ஒரு பக்கம் தூக்கலாக இருக்கும், சி.டி. ஸ்கேனில் கட்டியின் நடுவே செத்த பகுதி கறுத்துத் தெரியும். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை இரண்டு முறை போட வேண்டியிருக்கிறது.

சதை எடுக்கும் முறை மட்டும் நம் காலத்தில் நிஜமாகவே முன்னேறியிருக்கிறது. முன்பெல்லாம் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு, நுரையீரலில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கிள்ளி எடுத்தார்கள். இப்போது குழாயின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கட்டியைத் திரையில் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்தலாம். 2013இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் பழைய முறையில் 53 சதவீதம் பேரிடமும், இந்த முறையில் 80 சதவீதம் பேரிடமும் கிரானுலோமா கிடைத்தது. நெஞ்சைத் திறக்காமல் இவ்வளவு தூரம் வந்ததை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

அடுத்தது சிபிநாட் பரிசோதனை. உப்பு நீர் பாட்டிலில் வந்த சதையில் காசநோய்க் கிருமியின் மரபணு இருக்கிறதா என்று சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். வந்தால் சந்தோஷம். வராவிட்டால் காசநோய் இல்லை என்று அர்த்தமில்லை. அதைவிடக் குழப்பமான செய்தி ஒன்று உண்டு. சண்டிகர் மருத்துவர்கள் உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சார்காய்டோசிஸ் என்று முடிவான திசு மாதிரிகளில் ஏறத்தாழ கால் பங்கில் காசநோய்க் குடும்பக் கிருமிகளின் மரபணுச் சுவடு இருந்தது. உயிருள்ள கிருமி இல்லை, சுவடு மட்டும். வீட்டுக்கு வந்துபோன விருந்தாளியின் செருப்புத் தடம் போல. அந்த விருந்தாளிதான் நோயைத் தொடங்கிவைத்தாரா, தற்செயலாக வந்து போனவரா?

காரணத்தைத் தேடுபவர்கள் வேறு தடங்களையும் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் முகப்பருவோடு தொடர்புள்ள ஒரு பாக்டீரியாவைச் சந்தேகிக்கிறார்கள். நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11இல் இரட்டைக் கோபுரம் விழுந்து எழுந்த புழுதியைச் சுவாசித்த தீயணைப்பு வீரர்களிடம் அடுத்த ஓராண்டில் இது போன்ற நோய் பல மடங்கு கூடியது. இன்னும் பழைய கதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் சேலம் நகரத்தில் நடந்தது. அங்கே குழல்விளக்குத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் பெண்களுக்கு வந்த நுரையீரல் நோயை ‘சேலம் சார்காய்ட்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹாரியட் ஹார்டி என்ற பெண் மருத்துவர் அது சார்காய்டோசிஸே அல்ல, விளக்கின் உட்பூச்சில் இருந்த பெரிலியம் என்ற உலோகத்தின் வேலை என்று 1946இல் எழுதினார். நோயாளியிடம் ‘என்ன வேலை பார்க்கிறீர்கள்?’ என்று கேட்பது எந்த ஸ்கேனும் தராத விடையைத் தரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சார்காய்டோசிஸ் என்பது ஒரே நோயா, பல காரணங்கள் வந்து முடியும் ஒரே வாசலா? நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். உடலின் மரபணு அமைப்பு ஒரு பக்கம், மூச்சில் போன ஏதோ ஒன்று இன்னொரு பக்கம். இரண்டும் சந்திக்கும்போது கட்டத் தொடங்கிய சுவரை நிறுத்தத் தெரியாமல் உடல் கட்டிக்கொண்டே போகிறது.

இனி, நம் ஆசிரியைக்குக் கொடுத்த ஐந்து மாத மாத்திரைக்கு வருகிறேன். இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். ‘டி.பி. மருந்து போட்டுப் பார்ப்போம்; கேட்டால் டி.பி., கேட்காவிட்டால் வேறு’ என்பது நம் நாட்டில் வேரூன்றிய வழக்கம். கேட்க நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் சார்காய்டோசிஸ் பல பேருக்குத் தானாகவே அடங்கிவிடும் நோய். நெறிக்கட்டி மட்டும் இருக்கும் முதல் நிலையில் 55 முதல் 90 சதவீதம் பேருக்கும், நுரையீரலிலும் புள்ளிகள் சேர்ந்த இரண்டாம் நிலையில் 40 முதல் 70 சதவீதம் பேருக்கும் மருந்தே இல்லாமல் வடிந்துவிடும் என்று 1999இல் வெளியான சர்வதேச மருத்துவச் சங்கங்களின் அறிக்கை சொல்கிறது. அந்த வடிதல் மாத்திரை சாப்பிட்ட ஆறு மாதத்துக்குள் நடந்தால் பெயர் மாத்திரைக்குப் போய்விடும். கோப்பில் ‘காசநோய், குணமானது’ என்று எழுதப்படும். சில வருடம் கழித்துக் கண்ணிலோ தோலிலோ நோய் திரும்ப வந்தால், ‘ஏற்கெனவே டி.பி. இருந்தவர்’ என்ற அந்த வரியே அடுத்த மருத்துவரையும் தவறான பாதையில் திருப்பிவிடும்.

சரி, ஸ்டீராய்டு போட்டுப் பார்க்கலாமே? அதற்குக் கேட்டால் சார்காய்டோசிஸ்தானே? அதுவும் இல்லை. ஸ்டீராய்டு எந்த அழற்சியையும் அடக்கும். காசநோயாளிக்குக்கூட முதல் சில வாரங்களில் காய்ச்சல் விடும், பசி எடுக்கும், முகம் தெளியும். உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கச் சாட்சியும் பிறழ் சாட்சி. இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் சிக்கல் மூன்றாகும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, ஸ்டீராய்டை வேகமாக உடைத்து வெளியேற்றச் செய்கிறது. 20 மில்லிகிராம் விழுங்கினவர் உடலில் அந்த 20 முழுதாக வேலை செய்யாது. ‘ஸ்டீராய்டுக்கும் கேட்கவில்லை’ என்று அப்போது தப்பாக எழுதுவார்கள்.

இப்படிச் சொல்வதால் காசநோய் மாத்திரை எழுதிய மருத்துவரை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அவர் முன் இருக்கும் இரண்டு தவறுகளும் சம எடை உள்ளவை அல்ல. சார்காய்டோசிஸைக் காசநோய் என்று நினைத்தால் நோயாளி ஆறு மாதம் தேவையில்லாத மருந்து சாப்பிடுவார், கல்லீரல் கெடலாம், எதாம்ப்யூட்டால் பார்வையைத் தொடலாம், வீடு அவரை ஒதுக்கலாம். காசநோயைச் சார்காய்டோசிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி மூளை வரை பரவி உயிரே போகலாம். எனவே காசநோயை நினைத்து முதலில் பயப்படுவது சரி. சதை எடுக்க வசதி பக்கத்தில் இருக்கும்போதும் அதை எடுக்காமல், எடுத்தாலும் இரண்டாவது பாட்டிலை மறந்துவிட்டு, மாத்திரையையே பரிசோதனையாக்குவது சரியல்ல.

ஆசிரியையின் கதையில் நான் சொல்லாமல் விட்ட ஒரு பகுதி உண்டு. நான்காவது மாதத்தில் உடம்பெல்லாம் வலி, ஓயாத அசதி என்று வேறொரு மருத்துவரைப் பார்த்தார். ரத்தத்தில் வைட்டமின் டி குறைவு. வாரம் ஒன்று என்று 60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலங்கள் எழுதிக் கொடுத்தார்கள். பாலில் கலந்து குடிப்போமே, அதுதான். மூன்று வாரத்தில் தீராத தாகம், மலச்சிக்கல், குமட்டல். ஒரு நாள் விடியற்காலை விலாவிலிருந்து அடிவயிறு வரை வெட்டி இழுக்கும் வலி. சிறுநீரகக் கல்.

இதில் யாரும் மடத்தனம் செய்யவில்லை என்பதுதான் துயரம். வைட்டமின் டிக்கு உடலில் இரண்டு வடிவம் உண்டு. ஒன்று கிடங்கில் இருக்கும் சரக்கு, மற்றது வேலை செய்யும் சரக்கு. கிடங்குச் சரக்கை வேலைச் சரக்காக மாற்றுவது சிறுநீரகம். கால்சியம் போதும் என்று தெரிந்ததும் நிறுத்திவிடும். சார்காய்டோசிஸில் கிரானுலோமாவின் மேக்ரோஃபேஜ்களும் இந்த வேலையைச் செய்யத் தொடங்குகின்றன. அவற்றுக்கு நிறுத்தச் சொல்லும் மேலாளர் இல்லை. கிடங்கு காலியாகிக்கொண்டே போகிறது. வேலைச் சரக்கு குவிகிறது. குடல் கால்சியத்தை அள்ளி அள்ளி உறிஞ்சுகிறது. ஆய்வகங்கள் வழக்கமாக அளப்பது கிடங்கை மட்டும். ‘குறைவு’ என்று அறிக்கை வரும். கிடங்கை நிரப்பினால் எரியும் அடுப்பில் எண்ணெய் விட்டதாகும். வெயிலில் அதிக நேரம் நின்றாலே சிலருக்குக் கால்சியம் ஏறும். இந்த நோய் இருப்பவருக்கு வைட்டமின் டி எழுதும் முன் கால்சியத்தையும், முடிந்தால் இரண்டு வடிவங்களையும் பார்க்க வேண்டும். அந்தப் பொட்டலம் மருந்துக் கடையில் சீட்டில்லாமலும் கிடைப்பதால் இதை நோயாளியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நுரையீரலை விடவும் என்னை அதிகம் பயமுறுத்துவது இதயம். கிரானுலோமா இதயத் தசைக்குள், மின் துடிப்பைக் கடத்தும் பாதையில் உட்கார்ந்தால், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் துடிப்பு தடைபடலாம் அல்லது தறிகெட்டு ஓடலாம். நோயின் முதல் அறிகுறியே மயக்கமாக, சிலருக்குத் திடீர் மரணமாக இருந்திருக்கிறது. ஜப்பானில் இந்த நோயால் வரும் மரணங்களுக்கு இதயமே முதன்மைக் காரணம். கனடாவின் ஒட்டாவாவில் 60 வயதுக்கு உட்பட்ட, காரணம் தெரியாத இதயத் துடிப்புத் தடை உள்ள 32 பேரைத் தேடிப் பார்த்தபோது 11 பேருக்கு இதயத்தில் சார்காய்டோசிஸ் இருந்தது. பேஸ்மேக்கர் வைத்து அனுப்பிவிட்டிருந்தால் அவர்களுடைய நோய் உள்ளேயே வளர்ந்திருக்கும். ஹைதராபாத் மருத்துவர்கள், இதயம் தறிகெட்டுத் துடித்து வந்த சிலரிடம் தேடி, சார்காய்டோசிஸையும் காசநோயையும் இரண்டையுமே கண்டிருக்கிறார்கள். அந்தப் பழைய குழப்பம் இதயம் வரை வந்து சேர்கிறது.

இதயத்திலிருந்து சதை எடுப்பது எளிதல்ல. எடுத்தாலும் திட்டுத்திட்டாக இருக்கும் நோய் ஊசிக்குப் பெரும்பாலும் அகப்படாது. எனவே பெட் ஸ்கேன் எடுக்கிறார்கள். கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸைச் செலுத்தினால் அழற்சி உள்ள செல்கள் அதை ஆவலோடு எடுத்துக்கொண்டு படத்தில் ஒளிரும். சிக்கல் என்னவென்றால் நல்ல இதயத் தசையும் குளுக்கோஸைச் சாப்பிடும். அதைக் கொழுப்புக்கு மாற வைக்க வேண்டும். அதனால் முதல் நாள் இட்லி, தோசை, சோறு, பழம், சர்க்கரை போட்ட காபி எதுவும் கூடாது. முட்டை, பனீர், எண்ணெயில் பொரித்த மீன் போன்றவை மட்டும் சாப்பிட்டு, பிறகு இரவு முழுக்கப் பட்டினி. தாளில் ‘கார்போஹைட்ரேட் தவிர்க்கவும்’ என்று ஒரு வரி அச்சடித்துக் கொடுத்தால் போதாது. ‘இட்லி சாப்பிடக் கூடாதும்மா, கஞ்சியும் கூடாது’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காலையில் தெம்புக்கு என்று யாராவது ஒரு டம்ளர் கஞ்சி கொடுத்துவிட்டால், பல ஆயிரம் ரூபாய் ஸ்கேனில் இதயம் முழுக்க ஒளிரும், எது நோய் எது சாப்பாடு என்று சொல்ல முடியாது.

சிகிச்சையில் முதல் கேள்வியே கொடுக்க வேண்டுமா என்பதுதான். தொந்தரவு இல்லாமல் நெறிக்கட்டி மட்டும் இருப்பவரைக் கண்காணித்தாலே போதும். இதயம், மூளை, கண், ஏறிய கால்சியம், குறைந்துவரும் நுரையீரல் திறன் இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. கொடுப்பது பெரும்பாலும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. அதன் விலையை உடல் கொடுக்கும்: வீங்கிய முகம், கூடிய எடை, தூங்காத இரவு, தேய்ந்த எலும்பு, ஏறிய சர்க்கரை. பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் சர்க்கரை நோய் உள்ள நாட்டில் இது சின்ன விலை அல்ல. ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீளும். முகம் வீங்கியதைப் பார்த்துப் பயந்து ஒரே நாளில் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அதற்குள், உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். திடீர் நிறுத்தம் ரத்த அழுத்தத்தைச் சரித்து ஆளைக் கீழே தள்ளும்.

எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்விக்கு நல்ல பதில் ஒன்று நம் நாட்டிலிருந்தே வந்தது. சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்தில் நுரையீரல் சார்காய்டோசிஸ் உள்ள 86 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு 40 மில்லிகிராமிலும் மீதிப் பேருக்கு 20 மில்லிகிராமிலும் தொடங்கினார்கள். 18 மாதத்தில் நோய் திரும்பியதிலும் சிகிச்சை தோற்றதிலும் இரண்டு அணிக்கும் வித்தியாசம் இல்லை. பாதி அளவு போதும் என்பது மாத்திரை விழுங்குகிறவருக்கு எவ்வளவு பெரிய செய்தி! 2025இல் நெதர்லாந்து மருத்துவர்கள் 138 பேரிடம் நடத்திய ஆய்வு, ஸ்டீராய்டுக்குப் பதில் மெத்தோட்ரெக்சேட்டிலேயே தொடங்கினாலும் 24 வாரத்தில் நுரையீரல் திறன் அதற்குக் குறையாமல் மேம்படுகிறது என்று காட்டியது. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடும் மருந்து. தினமும் என்று தப்பாகப் புரிந்துகொண்டு சாப்பிட்டு எலும்பு மஜ்ஜை கெட்டவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கிழமை என்று சீட்டில் தமிழில் பெரிதாக எழுதித் தர வேண்டிய மருந்து அது.

இவற்றுக்கும் அடங்காதபோது டி.என்.எஃப். ஆல்ஃபாவைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசிகள். கோட்டைச் சுவருக்குச் சிமெண்ட் அனுப்பும் சமிக்ஞையை அவை நிறுத்துகின்றன. சார்காய்டோசிஸின் கோட்டை இடிகிறது. அதே உடலில் எப்போதோ அடைபட்டு உறங்கும் காசநோய்க் கிருமி இருந்தால் அந்தக் கோட்டையும் இடிகிறது. இந்த ஊசி போட்டவர்களிடம் காசநோய் கிளம்பிய 70 பேரைப் பற்றிய எச்சரிக்கை 2001இலேயே வந்துவிட்டது. நம் ஊரில் இதைத் தொடும் முன் உறங்கும் கிருமியைத் தேடி, தேவைப்பட்டால் தடுப்பு மருந்தும் கொடுத்தாக வேண்டும். ஒரு நோயிலிருந்து இன்னொன்றைப் பிரிக்க இவ்வளவு பாடுபட்ட பிறகு, மருந்து இரண்டையும் மறுபடி ஒரே அறையில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

அசதியைப் பற்றி எழுதாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்கேன் சுத்தமாக, ரத்தம் சரியாக இருக்கும்போதும் நோயாளிகள் அதைச் சொல்கிறார்கள். மாடிப்படி ஏறிய களைப்பு அல்ல. காலையில் எழும்போதே நாள் முடிந்துவிட்டது போன்ற களைப்பு. சிலருக்கு மெல்லிய நரம்பு நுனிகள் பாதிக்கப்பட்டு உள்ளங்கால் எரியும்; சாதாரண நரம்புப் பரிசோதனையில் அது தெரியாது. ‘பாக்க நல்லாத்தானே இருக்கீங்க’ என்று வீட்டிலும் வேலையிடத்திலும் சொல்லும்போது அவர்களிடம் காட்ட ஒரு காகிதம்கூட இருக்காது. மருத்துவர் அதை நம்பிக் கேட்பதே சிகிச்சையின் ஒரு பங்கு.

ஆசிரியையின் சதை இரண்டு பாட்டிலிலும் விழுந்தது. சிபிநாட் அன்று மாலையே ‘இல்லை’ என்றது. நாலாவது நாள் ஃபார்மலின் பாட்டிலின் அறிக்கை: சாகாத கிரானுலோமா. மாண்டூவில் கை தடிக்கவில்லை. கால்சியம் கூடுதல். இருந்தாலும் மருத்துவர் ஸ்டீராய்டை உடனே எழுதவில்லை. சாதாரணக் காசநோய் என்றால் ஐந்து மாத மாத்திரையில் அடங்கியிருக்க வேண்டும். அடங்காத வகை என்றால் உப்பு நீரில் போன துணுக்கிலிருந்து அது வளர்ந்து காட்டும். திரவ ஊடகத்தில் வைத்து 42 நாள் பார்ப்பார்கள். மூச்சுத் திறன் அவ்வளவு மோசமில்லை, காத்திருக்கலாம். வைட்டமின் டி பொட்டலத்தை நிறுத்தி, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, இ.சி.ஜி. எடுத்து, கண் மருத்துவரிடம் ஒரு முறை காட்டச் சொல்லி, வாரம் ஒரு முறை கால்சியம் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

42வது நாள் அறிக்கை வந்தது. வளர்ச்சி இல்லை. மருத்துவர் அதைக் கோப்பில் சேர்த்து, 20 மில்லிகிராம் எழுதி, எப்படிக் குறைக்கப் போகிறோம், எதற்கெல்லாம் உடனே வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஆசிரியை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தவர், எழுந்திருக்காமல் கேட்டார்:

“சின்னவன் என்கூடப் படுத்துக்கலாமா டாக்டர்?”

“இன்னைக்கே படுத்துக்கட்டும்மா.”